ஓர் ஏக்கர் சமாதானம்

2008 டிசம்பரில் ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் ஒரு விருது விழா நடந்தது. ‘ரைட் லைவ்லிஹுட்’ என்று பெயர். பத்திரிகைகள் அதை ‘மாற்று நோபல்’ என்று எழுதும். அந்த வருஷத்துப் பட்டியல் இது: சோமாலியாவின் ஆஷா ஹாகி, போஸ்னியப் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்காகச் சிகிச்சை மையம் தொடங்கிய மகப்பேறு மருத்துவர் மோனிகா ஹவுசர், அமெரிக்கப் பத்திரிகையாளர் ஏமி குட்மேன், அப்புறம் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து 82 வயது கிருஷ்ணம்மாள். கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடும், அவர்கள் இருவரும் தொடங்கிய ‘லாஃப்டி’ இயக்கத்தோடும் சேர்த்து அவருக்கு விருது.

ஆஷா ஹாகியையும் மோனிகா ஹவுசரையும் ‘அமைதிப் பணி’ என்ற தலைப்பின் கீழ் வைப்பதில் யாருக்கும் குழப்பம் வராது. போர் நடந்தது, அதன் நடுவே இவர்கள் நின்றார்கள். கிருஷ்ணம்மாள் என்ன செய்தார்? மிராசுதாரிடம் விலை பேசினார். வங்கி மேலாளரிடம் மல்லுக்கட்டினார். சார்பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்று பத்திரம் பதிய வைத்தார். இதையே நாற்பது வருஷம் திரும்பத் திரும்பச் செய்தார்.

சரி, இதுல சமாதானம் எங்க வருது?

*

முதலில் அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்த்துவிடலாம். ‘சமாதானம்’ என்ற சொல்லை நாம் ஐ.நா. சபை செய்தியில் கேட்டதைவிடத் தெருவில் கேட்டதுதான் அதிகம். “விடுங்கப்பா, சமாதானமாப் போயிருங்க.” பஞ்சாயத்துப் பேசுகிறவர் இதைச் சொல்லும்போது அவர் முகம் யார் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அடிபட்டவன் பக்கம். வீட்டுக்குள் வந்தால் இதே சொல் “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்று ஆகிவிடும். அங்கேயும் கேட்டுக்கொண்டிருப்பவள் யாரென்று சொல்லத் தேவையில்லை. அதாவது, பலவீனமானவர் வாயை மூடிக்கொள்வதற்கு நம் மொழியில் இருக்கும் மரியாதையான பெயர்களில் ஒன்று சமாதானம்.

நார்வேயின் யோஹான் கால்டுங் 1969 இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார். சண்டை இல்லாமல் இருப்பது ஒரு வகை அமைதி. சண்டைக்கான காரணம் இல்லாமல் இருப்பது இன்னொரு வகை. முதலாவது இருக்கிற இடத்தில் இரண்டாவது இருக்கணும்னு அவசியமில்லை. யாரும் யாரையும் அடிக்காமலேயே ஓர் ஏற்பாடு மனிதர்களைப் பட்டினியிலும் பயத்திலும் வைத்திருக்க முடியும். அதுவும் வன்முறைதான் என்றார்.

அவர் அதை எழுதுவதற்கு முந்தைய ஆண்டின் கடைசி வாரத்தில், கிழக்குத் தஞ்சையில், அந்த இரண்டு வன்முறைகளும் ஒரே இரவில் ஒன்றாகக் கலந்தன.

*

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. கூலி நெல்லில் கொஞ்சம் கூடக் கேட்டார்கள்; அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்குவதை எதிர்த்தார்கள்; செங்கொடியை இறக்க மறுத்தார்கள். அன்றிரவு, தப்பித்து ஒரே குடிசைக்குள் ஒளிந்த 44 தலித் மக்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973 இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் இப்படி நடந்தே போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு பேசியது.

இது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான். அந்த இரவுக்கு முன்னால் இருந்த ‘அமைதி’யைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். பண்ணையாள் குடியிருந்த மனை மிராசுதாருடையது. வேலை அவருடையது. கடன் அவரிடம். கோபித்துக்கொண்டால் வேலையோடு வீடும் போகும். சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக இருந்த மண் அது. அந்தக் காலத்தில் கிழக்குத் தஞ்சை பெரும்பாலான நாட்களில் ‘அமைதியாக’த்தான் இருந்தது.

அந்த அமைதியை முதலில் கலைத்தது கம்யூனிஸ்டுகள். 1940களில் பி. சீனிவாசராவ் தொடங்கி வைத்த விவசாயச் சங்கம்தான் பண்ணையாளை நிமிர்ந்து நிற்க வைத்தது. அதில் ஒரு பெண்ணும் இருந்தார். மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளவயதில் விதவையானவர். கிராப் வெட்டி, வேட்டி கட்டி, சேரிகளுக்குள் சென்று சங்கம் கட்டியவர். 1953 இல் ஒரு மான் முட்டி இறந்துபோனார். அவரைத் தேடிப் போய் ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலை எழுதிய ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். துறையூர்க்காரனான எனக்குப் பக்கத்து ஊர். கீழத்தஞ்சைக்கு வந்து எதையாவது மாற்றிய முதல் பெண் கிருஷ்ணம்மாள் இல்லை என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

வெண்மணிக்குப் பிறகு அரசும் அசைந்தது. 1969 இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1970 இல் நில உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைப்பு. 1971 இல் குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம். கடைசியாகச் சொன்னது பெரிய விஷயம். வாயைத் திறந்தால் வீடு போகும் என்ற பயத்தை அது உடைத்தது. ஆனால் வயல்? உச்சவரம்புச் சட்டத்தில் இருந்த ஓட்டைகள் ஊரறிந்தவை. அறக்கட்டளை பெயரில், உறவினர் பெயரில், இல்லாத ஆள் பெயரில் நிலம் அப்படியே இருந்தது.

கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் வெண்மணியைத் தேடி வந்தது இந்தக் கட்டத்தில்.

*

கிருஷ்ணம்மாள் 1926 இல் திண்டுக்கல் பக்கம் அய்யன்கோட்டையில், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர். அம்மா வயல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்ததைப் பார்த்து வளர்ந்தவர். டி.எஸ். சௌந்திரம் அம்மாளின் ஆதரவில் மதுரையில் தங்கிப் படித்தார். 1940களில் ஒரு தலித் பெண் பட்டப்படிப்பு முடிப்பது என்றால் என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள். 1946 இல் காந்தி மதுரை வந்தபோது அவரைச் சந்தித்தார். ஜெகந்நாதன் வசதியான குடும்பத்தில் பிறந்து, கல்லூரியை விட்டு விடுதலைப் போராட்டத்துக்கு வந்தவர். சுதந்திர நாட்டில்தான் கல்யாணம் என்று இருந்தவர். 1950 இல் திருமணம். சாதி கடந்த திருமணம்.

1951 இல் வினோபா பாவே தெலங்கானாவில் பூதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலம் உள்ளவர்களிடம் போய், உங்கள் பிள்ளைகளில் ஒருவனாக என்னை நினைத்து எனக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்பது அவர் முறை. இருவரும் அதில் இறங்கினார்கள். 1956 இல் வினோபா தமிழ்நாட்டுக்கு வந்தபோது மதுரை மாவட்டம் முழுக்க நடந்தார்கள்.

பூதானத்தின் கணக்கு இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். நாடு முழுக்க 40 லட்சம் ஏக்கருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். அதில் நல்ல பங்கு கல்லாங்குத்து, வழக்கில் இருந்த நிலம், கொடுத்தவர் பிள்ளைகள் திரும்பப் பிடுங்கிக்கொண்ட நிலம். ஏழைகள் கைக்கு நிஜமாகவே வந்தது மிகக் குறைவு.

எனக்குக் கிருஷ்ணம்மாளின் வாழ்க்கையில் சுவாரசியமான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. தானத்தில் தொடங்கிய அவர் கிரயத்துக்கு வந்து சேர்ந்தார். இரண்டும் பத்திரம்தான். ஆனால் தானப் பத்திரத்தில் கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே. வாங்கியவர் காலத்துக்கும் நன்றியோடு நிற்கணும். கிரயப் பத்திரத்தில் அப்படி இல்லை. நீ விற்றாய், நான் வாங்கினேன், கணக்கு தீர்ந்தது. தலைமுறை தலைமுறையாகப் ‘பண்ணையாள்’ என்று கூப்பிடப்பட்டவருக்கு அந்த மிராசுதார் முன்னால் ‘வாங்குபவர்’ என்று உட்கார ஒரு நாற்காலி கிடைக்கிறது.

*

1981 இல் லாஃப்டி தொடங்கியது. ‘உழுபவரின் விடுதலைக்கு நிலம்’ என்று அதன் ஆங்கிலப் பெயருக்குப் பொருள். வேலை செய்யும் முறை எளிமையானது, செய்வது கஷ்டம். நிலம் விற்கும் மனநிலையில் இருப்பவரைத் தேடிப் பிடிப்பது. நிலமில்லாதவர்களையும் அவரையும் ஒரே பேச்சில் உட்கார வைப்பது. நியாயமான விலை பேசுவது. வங்கிக் கடனுக்கு அலைவது. சேர்ந்து பயிரிட்டு, விளைச்சலில் கடனை அடைப்பது.

ஏன் விற்றார்கள் என்று கேட்கலாம். வெண்மணிக்குப் பின் பழைய மாதிரி ஆட்களை வேலை வாங்க முடியவில்லை. பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். காவிரித் தண்ணீர் ஒரு வருஷம் வந்தால் ஒரு வருஷம் வரவில்லை. நிலம் மெல்ல மெல்லச் சுமையாகிக்கொண்டிருந்தது. அந்தச் சரியான நேரத்தில், கையில் பணமில்லாத ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

பெரிய தடைகள் மிராசுதாரைத் தாண்டி இருந்தன. நிலமில்லாதவருக்கு வங்கி கடன் தராது, ஏனென்றால் அடமானம் வைக்க அவரிடம் நிலம் இல்லை. அடமானம் வைக்க நிலம் வேண்டும், நிலம் வாங்கக் கடன் வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த முடிச்சை உடனே கண்டுபிடித்துவிடுவோம்: ஒன்று முடிந்தால்தான் மற்றது நகரும், இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். வெளியிலிருந்து யாராவது வந்து அவிழ்த்தால்தான் உண்டு. போதாததற்கு முத்திரைத்தாள் செலவு வேறு. லாஃப்டி அவிழ்த்தது இந்த முடிச்சைத்தான். 2007 வாக்கில் சுமார் 13,000 குடும்பங்களுக்கு 13,000 ஏக்கர் கை மாறியிருந்தது. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

ஓர் ஏக்கரை வைத்து என்ன செய்ய முடியும்? எங்கள் துறையூர் பக்கம், பச்சைமலை அடிவாரத்து மானாவாரியில், ஓர் ஏக்கர் என்றால் சிரிப்பார்கள். டெல்டாவில் கணக்கு வேறு. ஒரு போகம் சம்பா சுமாராக விளைந்து 60 கிலோ மூட்டை 25 கண்டால், 1,500 கிலோ நெல். அரிசியாக ஆயிரம் கிலோவுக்குப் பக்கம். ஐந்து பேர் உள்ள வீட்டில் தினம் இரண்டு கிலோ பொங்கினாலும் வருஷத்துக்கு 730 கிலோ போதும். ஆக, ஓர் ஏக்கர் பணக்காரியாக்காது. வீட்டில் அரிசி இருக்கும். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெண்மணியில் கேட்டது கூலியில் கொஞ்சம் நெல். வீட்டில் அரிசி இருப்பவர் அடுத்த வயலுக்குக் கூலிக்குப் போகும்போது அவர் குரலே வேறாக இருக்கும். “இந்தக் கூலிக்கு வர முடியாது” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க முடியும். அப்படித் திரும்பி நடக்க முடிகிறவரிடம் சவுக்கு வேலை செய்யாது. பயம் போன இடத்தில்தான் கால்டுங் சொன்ன இரண்டாவது வகை அமைதி தொடங்குகிறது.

*

இதில் இன்னொரு முடிவையும் லாஃப்டி எடுத்தது. நிலம் பெண் பெயரில்.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுக்கும் திருத்தம் வந்ததே 1989 இல்தான். மத்திய சட்டம் 2005 இல். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில்கூட, இந்தியாவில் நிலத்தைக் கையாளுபவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். இணையத்தில் சிட்டா எடுத்துப் பாருங்கள். ஒரு பெண் பெயரில் பட்டா இருந்தாலும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்றுதான் அந்தப் பெயர் வரும். வருவாய்த்துறையின் படிவமே ஆணின் பெயர் வழியாகத்தான் அவளை அடையாளம் காண்கிறது.

பீகாரின் புத்தகயாவில் மடத்து நிலங்களுக்காக நடந்த போராட்டத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. 1970களின் நடுவே ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்தோடு கிருஷ்ணம்மாளும் அந்தப் பகுதியில் வேலை செய்தவர். பின்னர் அங்கே நிலம் வென்றபோது, பட்டா எங்கள் பெயரில் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். கூடவே போராடிய ஆண்களோடும் அதிகாரிகளோடும் வாதாடித்தான் அதை வாங்கினார்கள்.

காரணம் ரொம்ப நடைமுறையானது. ஆண் பெயரில் இருக்கும் ஏக்கர் சாராயக் கடனுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். பெண் பெயரில் இருந்தால் விற்பதற்கு அவள் கையெழுத்து வேண்டும். அப்போது “அனுசரிச்சுப் போம்மா” என்று சொல்ல வருபவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். மிராசுதாரிடம் பேரம் பேசும் பலம் கொடுத்த அதே பத்திரம், வீட்டுக்குள்ளும் பேரம் பேசும் பலத்தைக் கொடுக்கிறது. ஒரு தாளில் இரண்டு சமாதான ஒப்பந்தம்.

*

இதை இப்படியே முடித்தால் ஒரு காந்திய நீதிக்கதை ஆகிவிடும். எதிர்த்தரப்பும் இருக்கிறது, வலுவாகவே இருக்கிறது.

இடதுசாரிகளின் கேள்வி: தலைமுறைகளாக உழைப்பைச் சுரண்டிச் சேர்த்த நிலத்துக்கு, சுரண்டப்பட்டவனே கடன் வாங்கி விலை கொடுப்பது என்ன நியாயம்? உச்சவரம்புச் சட்டப்படி இலவசமாக வரவேண்டியதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? 44 பேரைக் கொன்றவர்கள் தண்டனை இல்லாமல் வெளியே வந்த மண்ணில், அந்த வர்க்கத்தோடு உட்கார்ந்து விலை பேசச் சொல்வது அடிபட்டவனைப் பார்த்து “சமாதானமாப் போ” என்று சொல்வதுதானே?

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கணக்கும் இடதுசாரிகள் பக்கம்தான் பேசும். பிரிக்கப்படாத பழைய நாகை மாவட்டத்தின் பரப்பு சுமார் 2,700 சதுர கிலோமீட்டர். ஆறரை லட்சம் ஏக்கருக்கு மேல். 13,000 ஏக்கர் அதில் இரண்டு சதவீதத்தைத் தொடாது. ஒரு சட்டம் ஒழுங்காக அமலாகியிருந்தால் இதைவிடப் பல மடங்கு நடந்திருக்கும்.

ஆனால் சட்டம் ஒழுங்காக அமலாகவில்லை. அது அமலாகும் நாளுக்காகக் காத்திருக்கும்போது ஒரு பெண்ணுக்கு வயது ஏறுகிறது, பிள்ளை பசிக்கிறது. நீதி முழுசாக வரும்வரை எதையும் தொடமாட்டேன் என்று சொல்ல உரிமை உள்ளவர்கள் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான். அவர்களில் 13,000 குடும்பங்கள் பத்திரத்தை வாங்கிக்கொண்டன. கிருஷ்ணம்மாளும் அதே மக்களிடமிருந்து வந்தவர்தான். வெளியிலிருந்து வந்து உபதேசம் செய்தவர் இல்லை. சங்கம் நிமிர வைத்ததால்தான் மிராசுதார் பேச்சுக்கே வந்தார் என்பதும், பேசிப் பத்திரமாக மாற்ற ஒருவர் இருந்ததால்தான் நிலம் கைக்கு வந்தது என்பதும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள் என்றுதான் நான் படிக்கிறேன். இரண்டு தரப்பின் ஆட்களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

கிருஷ்ணம்மாளின் வழி வெறும் அனுசரிப்பு இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நாகைக் கடற்கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன. உப்புநீர் பக்கத்து வயல்களிலும் குடிநீரிலும் இறங்கியது. அறுபதைக் கடந்த கிருஷ்ணம்மாளும் எண்பதை நெருங்கிய ஜெகந்நாதனும் மறியல், உண்ணாவிரதம், சிறை என்று மறுபடி தெருவுக்கு வந்தார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையல்லாத இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எல்லாரும் படிக்கும் தீர்ப்பு. பிற்பாடு 2005 இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. வாங்கிய நிலத்தைக் காப்பாற்றுவது வாங்கியதைவிட நீளமான வேலை.

*

இப்போது அந்த ஸ்டாக்ஹோம் பட்டியலுக்குத் திரும்பலாம். ஆஷா ஹாகியின் கதையும் இதேபோல ஓர் ஏட்டில் பெயர் சேர்க்கும் கதைதான். 2000 இல் ஜிபூத்தியின் ஆர்ட்டாவில் சோமாலிய சமாதான மாநாடு. ஐந்து குலங்களுக்கு இடம். பெண்களுக்கு இல்லை. தந்தை ஒரு குலம், கணவன் இன்னொரு குலம் என்று இருக்கும் பெண்ணை எந்தக் குலமும் தன் பிரதிநிதியாக அனுப்பாது. நாங்கள் ஆறாவது குலம் என்று சொல்லிப் பெண்கள் உள்ளே போனார்கள். அதே 2000 அக்டோபர் 31 அன்றுதான் ஐ.நா. பாதுகாப்பு அவை, சமாதானப் பேச்சுகளில் பெண்களுக்கு இடம் வேண்டும் என்ற 1325 ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. மூன்று ஆண்டு கழித்து லைபீரியப் பெண்கள் வெள்ளை உடையில் மன்ரோவியாவின் மீன் சந்தைப் பக்கம் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அக்ராவில் பேச்சு நடந்த மண்டபத்தின் வாசலை மறித்து, முடிக்காமல் யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, பிடித்துப்போன பிள்ளைகளைக் கேட்டு அரசாங்க அதிபர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது.

இவற்றில் பலவற்றில் பெண் தாயாக வந்து நிற்கிறாள். தாயின் கண்ணீருக்கு முன்னால் துப்பாக்கி கொஞ்சம் தயங்கும். அது ஒரு பலம். ஆனால் அழுது முடித்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் கையெழுத்துப் போடுவதும் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. ஆறாவது குலம் கேட்டது கையெழுத்துப் போடும் இடத்தை. கிருஷ்ணம்மாள் கீழத்தஞ்சைப் பெண்களுக்கு வாங்கிக் கொடுத்ததும் அதைத்தான். மேசை மட்டும் வேறு: ஒன்று மாநாட்டு மண்டபத்தில், இன்னொன்று சார்பதிவாளர் அலுவலகத்தில்.

சமாதானம் பற்றிப் பேசும்போது நமக்குப் புறாவும் வெள்ளைக் கொடியும் நினைவுக்கு வருகின்றன. இனிமேல் சர்வே எண், நான்கெல்லை, வாங்குபவர் பெயர், அதன் பக்கத்தில் மை காயாத ஒரு பெண்ணின் பெருவிரல் ரேகை, இவற்றையும் அந்தப் படத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.